வாரா வாரம் 150 பந்து அடிச்சும் ஸ்கோர் ஏன் இறங்கல?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். சென்னையில வேலை, ரெண்டு வருஷமா கோல்ஃப், சனிக்கிழமை ஆனா பந்து அடிச்சுப் பழகற ரேஞ்சுக்குப் போயி 150 பந்து, ஆனா 18 குழி முடிச்சு கார்டைக் கூட்டிப் பாத்தா 105க்கும் 110க்கும் நடுவுலயே நிக்குது (கோல்ஃப்ல மொத்த அடி குறையக் குறைய நல்லது). இப்போ அப்பாவுக்கு ஆபரேஷன், நாலு மாசம் கும்பகோணத்துல வீட்டுலேர்ந்தே வேலை, ரேஞ்சும் கிடையாது புல்லும் கிடையாது, கொல்லையில நெட் கட்டலாமா, எந்த நெட் வாங்கறதுன்னு முடிச்சிருக்கீங்க. நெட்டப் பத்தி கடைசியில வர்றேன். உங்க மனசுல உறுத்தறது ரெண்டு விஷயம்னு படுது: ரேஞ்சுல வர்ற அடி நிஜமா ஆடற கோர்ஸுல ஏன் வரமாட்டேங்குது, இந்த நாலு மாசத்துல இருக்கறதும் போயிடுமா. ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான், அதனால சேத்தே சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

நான் சர்டிஃபிகேட் வாங்கின கோச் கிடையாது, அத முதல்லயே சொல்லிடறேன். பாபநாசம் பக்கம் ஊரு, 13 வருஷம் வளைகுடாவுல கோல்ஃப் கிளப்புல வேலை. மொத மூணு வருஷம் இருந்த இடத்துல புல்லே கிடையாது, முழுக்க மணல் கோர்ஸ், ஆடறவங்க எல்லாரும் கையில ஒரு துண்டு செயற்கைப் புல் மேட் தூக்கிட்டு நடப்பாங்க, பந்து விழுந்த எடத்துல அதப் போட்டு அதுக்கு மேல பந்த வெச்சு அடிப்பாங்க, குழி இருக்கற எடத்துல மட்டும் எண்ணெய் கலந்த மணல ரோலர் போட்டு இறுக்கி வெச்சிருப்போம், அதுக்கு கிரீன்னு பேர் இல்ல, பிரவுன். அப்புறம் புல் கோர்ஸுக்கு மாறி ரேஞ்சுல பந்து பொறுக்கற வண்டி ஓட்டினேன், கடைசி ஆறு வருஷம் ஒரு கோச்சுக்கு உதவியாள். நானும் ஆடுவேன், நல்லா இருந்த காலத்துல ஹேண்டிகேப் 9, அந்த எண் குறையக் குறைய நல்ல ஆட்டக்காரன்னு அர்த்தம். உங்க ஸ்விங்க, அதாவது நீங்க வீசற விதத்த, நான் பாத்ததில்ல, அதனால உங்க கைய மாத்துங்க, காலை மாத்துங்கன்னு எதுவும் சொல்லப் போறதில்ல, பாக்காம அதச் சொல்றவன நம்பாதீங்க.

அந்தப் பந்து பொறுக்கற வண்டியப் பத்தி ஒண்ணு சொல்லணும். டிரைவர் உக்கார எடத்துக்கு சுத்தி கம்பி வலை அடிச்சிருக்கும், ஏன்னா ரேஞ்சுல நிக்கறவங்க நம்ம வண்டியக் குறி வெச்சுத்தான் அடிப்பாங்க. டங்கு டங்குன்னு விழும். அதுவரைக்கும் அரை மணி நேரமா இடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணுன்னு இறைச்சிட்டிருந்த ஆளு, வண்டி உள்ள வந்ததும் நேரா அடிப்பான். நாலு வருஷம் கம்பிக்குள்ள உக்காந்து யோசிச்சு நான் கண்டுபிடிச்ச கோல்ஃப் ரகசியம் இதுதான். அவனுக்கு அப்பத்தான் ஒரு குறி கிடைச்சுது, வண்டி நகர்ந்துட்டே இருக்கறதால ஒவ்வொரு பந்துக்கும் புதுசா கணக்குப் போட வேண்டியிருந்துச்சு, தப்பினா பக்கத்துல நிக்கற நண்பன் சிரிப்பான். மத்த நேரத்துல அந்த மூணும் இல்ல.

அங்க ஒரு மெம்பர், நம்ம ஆளுதான், இன்ஜினியர், தினம் சாயங்காலம் ரெண்டு கூடை பந்து, பெரும்பாலும் 7 அயர்ன்ங்கற ஒரே மட்டை. மேட்ல நிப்பாரு, பந்த இழுத்துப் போட்டு அடிப்பாரு, அது எங்க விழுதுன்னு பாக்கறதுக்குள்ள அடுத்தத இழுத்திருப்பாரு. நெல்லு தூத்தற மாதிரி ஒரே தாளம். இருபதாவது பந்துலேர்ந்து நல்லாவே போகும், அவருக்கும் சந்தோஷம். மூணு வருஷத்துல அவர் ஹேண்டிகேப் ஒரு எண் கூட இறங்கல. அதே ரேஞ்சுக்கு ஒரு வயசான கொரியாக்காரம்மா வருவாங்க, 30 பந்து மட்டும். ஒரு பந்த வெப்பாங்க, பின்னாடி நடந்து போயி நின்னு தூரத்துல ஒரு கொடியப் பாப்பாங்க, வந்து நின்னு அடிப்பாங்க, அது நிக்கற வரைக்கும் பாத்துட்டுப் போயி வேற கிளப்ப, அதாவது வேற மட்டைய எடுப்பாங்க. 30 பந்துக்கு முக்கா மணி நேரம். அந்தம்மா கோர்ஸுல அடிச்ச அடிக்கும் ரேஞ்சுல அடிச்ச அடிக்கும் எனக்கு வித்தியாசமே தெரியாது, ஏன்னா அவங்க ரேஞ்சுலயும் கோர்ஸுதான் ஆடிட்டிருந்தாங்க.

இது என் ஒருத்தன் கண்ணால பாத்த கதை மட்டும் இல்ல, ஆராய்ச்சியும் இருக்கு. 1979ல ஷே, மார்கன்னு ரெண்டு பேர் ஒரு சோதனை செஞ்சாங்க, மூணு விதமான கை அசைவ ஒரு கூட்டத்துக்கு ஒண்ணு முடிச்சு ஒண்ணுன்னு வரிசையாவும், இன்னொரு கூட்டத்துக்கு கலந்து கட்டியும் பழக்கினாங்க. பழகறப்போ வரிசைக் கூட்டம்தான் நல்லா செஞ்சது. பத்து நாள் கழிச்சு கூப்பிட்டு சோதிச்சா கலந்து பழகின கூட்டம் முன்னாடி. அதுக்கு முந்தின வருஷம் கெர், பூத்னு ரெண்டு பேர் சின்னப் பசங்கள வெச்சு தானிய மூட்டை மாதிரி சின்னப் பையை எறிய வெச்சாங்க, 3 அடி தூரத்துலயே எறிஞ்சு பழகின பசங்கள விட, 2 அடியும் 4 அடியும் மாத்தி மாத்தி எறிஞ்ச எட்டு வயசுப் பசங்க, தாங்க எறிஞ்சே பாக்காத அந்த 3 அடியில நல்லா எறிஞ்சாங்க. ஏன்னா மாறி மாறி செய்யறப்போ ஒவ்வொரு தடவயும் மூளை முதல்லேர்ந்து கணக்குப் போடுது, ஒரே மாதிரி செய்யறப்போ போன கணக்க காப்பி அடிக்குது. கோர்ஸுல காப்பி அடிக்க முடியாது, டிரைவர்ங்கற நீள மட்டையால அடிச்சு, கொஞ்ச தூரம் நடந்த பிறகு ஒரு அயர்ன், அப்புறம் குழிப் பக்கத்துலேர்ந்து ஒரு சின்ன அடி, அதாவது சிப், எல்லாத்துக்கும் ஒரே ஒரு வாய்ப்பு.

ஆனா இதையும் கண்ண மூடிட்டு ஏத்துக்காதீங்க. லேப்ல சின்ன அசைவுகள்ல கிடைச்ச அளவுக்கு நிஜ விளையாட்டுல பலன் எப்பவும் கிடைக்கறதில்ல, சில சோதனையில வித்தியாசம் கொஞ்சம்தான் வந்திருக்கு. அப்புறம் புதுசா ஒண்ணக் கத்துக்கற மொத நாட்கள்ல, இன்னும் பந்துல கிளப்பே படாத ஆளுக்கு, கலந்து கட்டறது வெறும் குழப்பம். எங்க கோச் செஞ்சது நடுவாந்தரம், புதுசா ஒரு மாற்றம் கொடுத்தா மொத 10, 15 பந்து அதே அடி, அப்புறம் மீதி எல்லாம் கலந்து. எனக்கு அதுதான் சரின்னு படுது.

அடுத்தது, ரேஞ்சு மேட் உங்ககிட்ட பொய் சொல்லுது. கிளப் பந்துக்கு ரெண்டு அங்குலம் பின்னாடி தரையில பட்டாலும் மேட்ல வழுக்கிட்டுப் போயி பந்தத் தொட்டுடும், பந்தும் சுமாரா பறந்துடும், நீங்க நல்ல அடின்னு நெனச்சுப்பீங்க. புல்லுல அதே அடி மண்ணுல புதைஞ்சு பந்து பத்து கஜம் உருளும். 105 அடிக்கறவங்க கார்டுல இந்த மாதிரி மண்ண வெட்டின அடி எத்தனன்னு எண்ணிப் பாத்தா தலை சுத்தும். இதுக்கு மருந்து உங்க கொல்லையிலயே இருக்கு. வாசல் கோலப்பொடி ஒரு கைப்பிடி எடுத்து தரையில ஒரு மூணு அடிக்கு நேர்கோடு போடுங்க. கோடு ரெண்டு காலுக்கும் நடுவுல வர்ற மாதிரி நில்லுங்க, பந்து வேண்டாம், வெட்ஜ் (பந்த உயரமா தூக்கற மட்டை) எடுத்து பாதி ஸ்விங் போடுங்க, அப்புறம் குனிஞ்சு மண்ணுல கிளப் கீறின எடத்தப் பாருங்க. கீறல் கோட்டுலயோ கோட்டத் தாண்டி இலக்குப் பக்கமாவோ ஆரம்பிச்சா சரி. கோட்டுக்குப் பின்னாடி ஆரம்பிச்சா அங்கதான் உங்க பத்து ஸ்ட்ரோக் போயிட்டிருக்கு. கோட்ட ஒட்டி நாலு விரல் தள்ளித் தள்ளி முன்னேறிக்கிட்டே பத்து தடவ போடுங்க, எத்தன சரின்னு எழுதி வைங்க. மொத நாள் பத்துக்கு ரெண்டு மூணு வந்தா ஆச்சரியப்பட வேண்டாம், எனக்கு மொத நாள் ஒண்ணு. மண்ணு முந்தின நாள் தண்ணி தெளிச்சு லேசா இளகியிருக்கணும், காஞ்சு கல்லா கிடக்கற களிமண்ணுல போட்டா மணிக்கட்டு போயிடும்.

எனக்கு ஸ்லைஸ் பிரச்சனைன்னு போட்டிருந்தீங்க, பந்து வலது பக்கமா வளைஞ்சு போகுதுன்னு. இதுல சந்தேகமே இல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு, பந்து எந்தத் திசையில கிளம்புதுங்கறத பெரும்பாலும் முடிவு பண்றது கிளப் முகம், அதாவது பந்துல படற பக்கம், அந்த நொடியில எங்க பாக்குதுங்கறதுதான், அயர்ன்ல சுமார் முக்கால் பங்கு, டிரைவர்ல அதுக்கும் மேல. வளையறது முகத்துக்கும் கிளப் வர்ற பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால. பழைய காலத்துல இத தலைகீழா சொல்லிக் கொடுத்தாங்க, ரேடார் மெஷின் வந்த பிறகுதான் தெளிவாச்சு. வலது பக்கம் போகுதேன்னு இடது பக்கம் பாத்து நிக்கறவங்களுக்கு பாதை இன்னும் குறுக்க வந்து வளைவு அதிகமாத்தான் ஆகும், நீங்களும் அதத்தான் பண்றீங்களோன்னு சந்தேகம். கிளப்பும் பந்தும் ஒட்டியிருக்கற நேரம் ஒரு நொடியில ரெண்டாயிரத்துல ஒரு பங்கு. அதுக்குள்ள எதையும் திருத்த முடியாது, அதனால அடிக்கறப்போ யோசிக்கறது வீண், அடிக்கறதுக்கு முன்னாடி யோசிக்கறதுதான் வேலை.

சரி, உங்க 105 எங்க போகுது? பழமொழி மாதிரி எல்லாரும் சொல்றது, டிரைவர் வேடிக்கைக்கு, காசு பட்டிங்லன்னு, அதாவது பந்த குழிக்குள்ள உருட்டறதுலன்னு. கொலம்பியா யுனிவர்சிட்டி பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்க டூர்ங்கற தொழில்முறைப் போட்டிகள்ல ஒவ்வொரு அடியையும் லேசர் வெச்சு அளந்த கணக்க எடுத்து ஆராய்ஞ்சு அது பாதி உண்மைதான்னு காட்டினார். நல்ல ஆட்டக்காரனுக்கும் சுமாரானவனுக்கும் உள்ள வித்தியாசத்துல மூணுல ரெண்டு பங்கு 100 கஜத்துக்கு வெளியேர்ந்து அடிக்கற அடியிலதான் வருதாம். அந்தக் கணக்குலேர்ந்தே இன்னொரு ஆறுதல், 8 அடி தூரத்துலேர்ந்து உருட்டற பந்த டூர் ஆட்டக்காரங்களே பாதிக்குப் பாதிதான் குழியில போடறாங்க. நீங்க 8 அடி தப்பினா தலையில அடிச்சுக்க வேண்டாம். அதனால பட்டிங் மட்டும் பழகினா 105 ஆளு 90க்கு வந்துடுவாருன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா ஊர்ல நாலு மாசம் உக்காந்திருக்கற ஆளுக்குக் கைக்கு எட்டறது என்னன்னு பாத்தா, பட்டிங், சிப்பிங், அப்புறம் மேல சொன்ன கோலப்பொடி. இந்த மூணும் உங்களுக்குப் போதும். கடைசியா ஆடின ரெண்டு மூணு கார்டு இருந்தா எடுத்து வெச்சு, ஞாபகம் இருக்கற வரைக்கும் ஒவ்வொரு குழியிலயும் எங்க வீணாச்சுன்னு ஒரு டிக் போடுங்க: பந்து தொலைஞ்சது, மண்ண வெட்டினது, பந்தோட தலையத் தட்டினது, மூணு பட். எந்த வரிசையில டிக் ஜாஸ்தியோ அதுக்குத்தான் உங்க நேரம்.

பட்டிங்குக்கு வர்றேன். பந்த உருட்டற மட்டைய பட்டர்னு எழுதினா நம்ம ஊர்ல சாரங்கபாணி கோயில் பட்டர்தான் ஞாபகம் வருவார், வேற எப்படி எழுதறதுன்னு தெரியல. உங்க வீட்டுல ரேழி இருக்கும்ல, இல்ல கூடம், பத்து அடி நேரா கிடைச்சா போதும். சிமெண்ட்டு தரை ரொம்ப ஓடும், ஒரு ஜமக்காளத்த சுருக்கம் இல்லாம விரிச்சுக்குங்க. கோல்ஃப் குழியோட அகலம் 108 மில்லிமீட்டர், காபி டவராவ விட ஒரு விரல் கூட இருக்கும். இப்போ கணக்கப் பாருங்க, 10 அடி தூரத்துல பட்டர் முகம் ஒரே ஒரு டிகிரி திரும்பினா பந்து அஞ்சேகால் சென்டிமீட்டர் விலகும், அதாவது நடு குழிய குறி வெச்ச பந்து விளிம்புக்குப் போயிடும். அதனால முதல்ல பழக வேண்டியது பந்து கிளம்பற கோடு. பந்துக்கு ஒன்றரை அடி முன்னாடி ரெண்டு நாணயத்த பந்து மட்டும் நுழையற இடைவெளியில வைங்க, நாணயத்தத் தொடாம பந்து போகணும். அந்தக் கோட்டுலயே கடைசியில டவராவ வைக்காதீங்க, டம்ளர வைங்க, டம்ளர் அத விட ஒல்லி. ரெண்டு வாரம் டம்ளரக் குறி வெச்சுட்டு கோர்ஸுக்குப் போனா குழி கிணறு மாதிரி தெரியும். தினம் பத்து நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம், இடுப்பு பிடிச்சா கவனம் போயிடும்.

கோடு பாதிதான், மீதி வேகம், மூணு பட் வர்றது பெரும்பாலும் வேகம் தப்பறதால. இதுக்கு டம்ளர் வேண்டாம். ஜமக்காளத்துக்கு அந்தப் பக்கம் சுவர் இருந்தா, சுவத்த முத்தம் கொடுக்காம எவ்வளவு பக்கத்துல நிறுத்தறீங்கன்னு பாருங்க, அடுத்த பந்து பாதி தூரம், அடுத்தது முக்கால், மறுபடி சுவர். ஒரே தூரத்த ரெண்டு தடவ தொடர்ந்து போடாதீங்க. எங்க வீட்டுல பேரன் "இப்போ அந்த ஜன்னல் வரைக்கும் தாத்தா"ன்னு கத்துவான், நான் அடிப்பேன், அவன் சொல்றது எதுவும் முன்கூட்டி தெரியாதுல்ல, அதுதான் நல்ல பயிற்சி. அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல நாலாவது வந்தப்போ நம்ம நாடே விடியக்காலையில எழுந்து உக்காந்து பாத்துச்சு, அந்தப் பொண்ணு தூரமா அடிக்கற ஆளே இல்ல, பட்டர வெச்சுத்தான் மெடல் பக்கத்துல போயி நின்னுச்சு.

சிப்பிங்குக்கு கொல்லை. பந்து எங்க உருண்டு நிக்குதுன்னு பாக்கறத விட எங்க விழுதுன்னு பாக்கப் பழகணும். ஒரு முறத்த எடுத்து நாலடி தள்ளி தரையில வைங்க, பந்து முறத்துக்குள்ள விழணும். அப்புறம் முறத்த எட்டடிக்கு, பன்னெண்டுக்கு, வாழைக்கன்னுக்கு அந்தப் பக்கம், தென்ன மட்டைக்கு மேல தாண்டி. ஒவ்வொரு அடிக்கும் எடத்த மாத்துங்க, கிளப்பையும் மாத்துங்க, வெட்ஜ் ஒண்ணு 8 அயர்ன் ஒண்ணு. முறத்துல விழுந்தா டப்புன்னு ஒரு சத்தம் வரும், அந்த சத்தத்துக்கு ஒரு போதை இருக்கு தம்பி. முக்கியமான ஒண்ணு, கையில பத்து பந்து வெச்சுக்கிட்டு வரிசையா தட்டாதீங்க. ஒரே பந்து. அடிச்சா நடந்து போயி எடுத்துட்டு வாங்க. அலுப்பா இருக்கும், அந்த அலுப்புதான் ஒவ்வொரு அடிக்கும் மரியாதை கொடுக்க வைக்கும். எஸ்.எஸ்.பி. சௌராசியான்னு ஒருத்தர், ராயல் கல்கத்தா கிளப்புல புல்லு பராமரிக்கறவரோட மகன், அங்கயே பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டு 2016லயும் 2017லயும் இந்தியன் ஓபன் ஜெயிச்சார். உடம்பு சின்னது, தூரமா அடிக்கறவர் கிடையாது, கிரீன சுத்தி அவர் காட்டற வித்தைதான் சொத்து. என்னை மாதிரி கிளப்புல வேலை பாத்தவங்களுக்கு அவர்மேல தனி பாசம், ஒளிக்க வேண்டியதில்ல.

ஸ்விங் போயிடுமான்னு கேட்டதுக்கு, நாலு மாசத்துல போகாது. தொடு உணர்வு கொஞ்சம் மழுங்கும், மொத ரவுண்டு ரெண்டு ரவுண்டு தடுமாறும், அவ்வளவுதான். மெதுவா ஸ்விங் போட்டுப் பாருங்க, பந்து இல்லாம. எங்க தெருவுல ஒரு நாதஸ்வர வித்வான் இருக்கார், பிள்ளைங்களுக்கு சரளி வரிசைய முதல் காலத்துல திரும்பத் திரும்ப வாசிக்க வெச்சுட்டுத்தான் ரெண்டாங் காலம், மூணாங் காலம் விடுவார், முதல் காலத்துல மறைக்க எடம் இல்ல, தப்பு அப்படியே கேக்கும். ஸ்விங்கும் அப்படித்தான், பத்து நொடியில ஒரு ஸ்விங் போட்டா உடம்பு எங்க தள்ளாடுதுன்னு உங்களுக்கே தெரியும். உடம்பு எந்த வரிசையில திரும்பணும்னு புரியலன்னா காலையில குடமுருட்டி ஆத்துப் பக்கமோ வாய்க்கா மதகுகிட்டயோ வீச்சு வலை போடறவங்கள நின்னு பாருங்க. கால் ஊணும், இடுப்பு திரும்பும், தோள் வரும், கை கடைசியிலதான் வரும், வலை வட்டமா விரியும். கையால மட்டும் வீசினா வலை சுருண்டு கட்டையா விழும். எந்த வீடியோவும் எனக்கு இத இவ்வளவு தெளிவா காட்டல.

மனசுல என்ன நெனச்சுட்டு அடிக்கறதுங்கறதுக்கும் ஆராய்ச்சி இருக்கு. கேப்ரியல் வுல்ஃப்னு ஒரு அம்மா 1999ல கோல்ஃப் புதுசா கத்துக்கறவங்கள வெச்சு செஞ்சது, கை எப்படி ஆடுதுன்னு கவனிச்சவங்கள விட கிளப் எப்படி ஆடுதுன்னு கவனிச்சவங்க நல்லா கத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் பல விளையாட்டுல அதே மாதிரி வந்திருக்கு. அதனால முழங்கை, மணிக்கட்டுன்னு யோசிக்காம கிளப் தலை, பந்து விழற எடம்னு யோசிங்க.

வயலுக்குப் போயி முழு அடி அடிக்கலாமான்னு யாராவது கமெண்ட்ல ஐடியா கொடுத்தா கேக்காதீங்க. இப்போ மாசி, சம்பா அறுத்து வயல் காலியா கிடக்குன்னு தோணும், ஆனா அறுப்புக்கு முன்னாடியே உளுந்து தெளிச்சிருப்பாங்க, தாளுக்கு நடுவுல பச்சையா முளைச்சிருக்கும், அத மிதிச்சீங்கன்னா வயக்காரர் சொல்ற வார்த்தை இங்க எழுத முடியாது. அத விட, பந்து 46 கிராம்தான், ஆனா முழு அடியில தலையில பட்டா உயிர் போற விஷயம். கிராமத்துல வரப்புல யாராவது நடந்துட்டேதான் இருப்பாங்க. நான் ஊருக்கு வந்த புதுசுல கொல்லையிலேர்ந்து வெட்ஜ்தானேன்னு அலட்சியமா அடிச்சேன், கிளப்போட கழுத்துல பட்டு பந்து பக்கவாட்டுல பாய்ஞ்சு பக்கத்து வீட்டுப் பெரியம்மா அடுப்படி ஓடு ரெண்டு உடைஞ்சது. சீமை ஓடு இப்போ கிடைக்கறதே கஷ்டம், தேடி அலைஞ்சு மாட்டிக் கொடுத்தேன், இன்னும் எங்கயாவது பாத்தா "என்னப்பா, இன்னிக்கு ஓடு உடைக்கலயா"ங்கறாங்க. மணல் அடி பழகணும்னா ஆறு இருக்கு, ஜனவரி 28 மேட்டூர் மூடினதுலேர்ந்து ஜூன் 12 திறக்கற வரைக்கும் வழக்கமா கொள்ளிடத்துல மணல் காஞ்சு கிடக்கும். பந்து கொண்டு போகாதீங்க, வெட்ஜ் மட்டும். மணல்ல கோடு கிழிச்சு கோட்டுல கிளப் இறங்கி மணல் முன்னாடி சிதறுதான்னு பாருங்க, பங்கர்ல, அதாவது கோர்ஸுல இருக்கற மணல் பள்ளத்துல, பந்துக்கு ரெண்டு அங்குலம் பின்னாடி இறங்கணுங்கறது இதுதான். ஆத்து மணல் பெருசு, பங்கர் மணல் நைஸ், அதனால அப்படியே ஒத்து வராது, பயம் மட்டும் போகும், அதுவே பாதி. மணல் அள்ளின பள்ளம் இருக்கற பக்கம் போகாதீங்க.

இப்போ நெட். வாங்கணும்னா வாங்குங்க, ஆனா நெட்டு எதுவும் சொல்லிக் கொடுக்காது, பந்து எங்க போச்சுன்னே தெரியாதே, அப்புறம் அதுவும் பழைய மாதிரி நூறு பந்து இறைக்கற எடமா ஆயிடும். நெட்டுல ஒரே ஒரு உருப்படியான வேலை, பந்து கிளப் முகத்துல எந்த எடத்துல படுதுன்னு பாக்கறது. அந்தக் கிளப் முகத்த ஈரத் துணியால துடைச்சு டால்கம் பவுடர் தடவி ஒரு பந்து அடிங்க, அடையாளம் விழும். நடுவுல விழுதா, நுனியில விழுதான்னு பத்து பந்துக்கு எழுதி வைங்க, அடையாளம் சிதறிக் கிடந்தா ஸ்விங்க விட நிக்கற தூரத்தத்தான் முதல்ல பாக்கணும். கட்டறப்போ இறுக்கிக் கட்டாதீங்க, இறுக்கினா பந்து திரும்பி உங்க முகத்துக்கே வரும், தொளதொளன்னு தொங்க விட்டு பின்னாடி ஒரு பழைய போர்வையும் தொங்க விடுங்க. பழைய மீன் வலை வாங்கிக் கட்டலாம்னு நெனக்காதீங்க, நான் கட்டினேன், நைந்து போன எடத்துல பந்து பொத்துக்கிட்டுப் போயி மாட்டுக் கொட்டாயில விழுந்துச்சு. நெட் வாங்கற காசு இருந்தா, நாலு மாசம் முடிஞ்சு சென்னை போனதும் ஒரு நல்ல கோச்கிட்ட ரெண்டு கிளாஸ் எடுங்கன்னுதான் சொல்வேன், பக்கத்துல நின்னு பாக்கற கண்ணுக்கு ஈடு எதுவும் இல்ல.

நடுவுல ஒரு வாரக் கடைசியில அப்பாவ யாராவது பாத்துக்கிட்டா கொடைக்கானல் போயிட்டு வாங்க, 1895லேர்ந்து இருக்கற கிளப், காட்டெருமை ஆடற புல்வெளியிலயே மேஞ்சிட்டிருக்கும், விருந்தாளிய அனுமதிக்கறாங்களான்னு போன் பண்ணிக் கேட்டுட்டுக் கிளம்புங்க. அதுவரைக்கும் தினம் சாயங்காலம் கொல்லையில ஒன்பது குழி ஆட்டம் ஆடுங்க: ஒன்பது எடத்துல முறம், ஒரே பந்து, முறத்துல விழ எத்தன அடின்னு எழுதணும், சரியா அடிச்சா 9. நேத்து எழுதினத இன்னிக்கு முந்தணும். என்னோட நல்ல கணக்கு 14, ஒரு நாள் 13 வந்திருக்கும், ஒன்பதாவது முறத்துக்கு அடிச்ச பந்த காக்கா முட்டைன்னு நெனச்சு தூக்கிட்டுப் போயிடுச்சு, அதுக்கு பெனால்டி உண்டா இல்லயான்னு பேரனுக்கும் எனக்கும் இன்னும் சண்டை. உங்க மொத நாள் எண்ண இங்கயே பதில்ல போடுங்க, அப்பா உடம்பு எப்படியிருக்குன்னும் எழுதுங்க.